பிக்கப்பில் மாட்டியதைக் கழற்ற விடாமல் செய்வது: ரூஃப் ரேக் முதல் ஸ்பேர் டயர் வரை ஒரு செய்முறைப் பதிவு

வேலைக்கு எடுத்துக்கொண்ட வண்டி இரட்டைக் கேபின் ஹைலக்ஸ். வார நாளில் சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பக்கம் சாமான் ஏற்றும். நீண்ட விடுமுறை வந்தால் காஸ்வேயைத் தாண்டி ஜோகூர் செம்பனைத் தோட்டங்களின் மண்பாதைக்குப் போகும். மேலே அலுமினிய ரூஃப் ரேக், அதன் பக்கத்தில் 2 மீட்டர் ஆனிங் (விரித்தால் பந்தலாகும் துணி), சேற்றில் சிக்கினால் சக்கரத்தடியில் வைக்கும் இரண்டு ரிக்கவரி போர்டு, பின்னால் டிரேயில் ஒரு டூல் பாக்ஸ், அடியில் ஸ்பேர் டயர். இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும்.

இவை எல்லாவற்றையும் கழற்ற எத்தனை கருவி தேவை என்று முதலில் எண்ணிப் பார்த்தோம். 4, 5, 6 மி.மீ ஆலன் கீ, 10, 13 மி.மீ ஸ்பானர், அவ்வளவுதான். ஐந்தும் சட்டைப்பையில் அடங்கும், ஐந்தும் சத்தம் போடாதவை. வேலையின் நோக்கம் இங்கேதான் முடிவானது: சத்தமில்லாத கருவி எதற்கும் எதுவும் கழலக்கூடாது. இரும்பை அறுக்கும் பேட்டரி கிரைண்டரோடு வருபவனைப் போல்ட்டால் தடுக்க முடியாது. ஆனால் காங்கிரீட் தளமும் தாழ்ந்த கூரையும் உள்ள நிறுத்துமிடத்தில் நள்ளிரவில் கிரைண்டர் ஓடினால் புளோக் முழுக்கக் கேட்கும். திருட வருபவனை கிரைண்டர் எடுத்தே ஆகவேண்டிய நிலைக்குத் தள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வண்டியில் எதைப் பொருத்தலாம், எதைப் பொருத்தக்கூடாது என்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் தனியாக உள்ளன. பூட்டைப் பற்றி யோசிக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள். சோதனையில் கழற்றச் சொல்லப்போகிற பொருளை நிரந்தரமாகப் பூட்டுவது வீண் வேலை.

போல்ட்டை விடுங்கள், அது எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

பலரும் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் போல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது. இந்த ரேக்கின் குறுக்குச் சட்டங்களில் டி வடிவப் பள்ளம் ஓடுகிறது. ஆனிங்கின் மூன்று பிராக்கெட்டும் அந்தப் பள்ளத்துக்குள் தலையை நுழைத்து நிற்கும் எம்8 (8 மி.மீ) போல்ட்டுகளில் தொங்குகின்றன. மூன்றிலும் தனிச் சாக்கெட்டால் மட்டும் திருகும் சாவி நட்டு போட்ட பிறகு சட்டத்தின் முனையைப் பார்த்தால், அங்கே இருப்பது ஒரு பிளாஸ்டிக் மூடி. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். மூடி போனால் பள்ளம் திறந்துவிடும். நட்டைத் தொடாமலே பிராக்கெட்டைத் தட்டித் தட்டி நகர்த்தி, போல்ட், நட்டு, ஆனிங் எல்லாவற்றையும் ஒன்றாக உருவிவிடலாம். ரேக்கே நான்கு சாதாரண ஆலன் போல்ட்டில் நிற்கிறது என்றால் அதுகூடத் தேவையில்லை. ரேக்கை ஆனிங்கோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஆகவே பொருளில் தொடங்கி, அது எதில் நிற்கிறது, அது எதில் நிற்கிறது என்று வண்டியின் உடல் வரை விரலால் தொட்டுக்கொண்டே போகவேண்டும். ஆனிங் பிராக்கெட்டில், பிராக்கெட் போல்ட்டில், போல்ட் பள்ளத்தில், பள்ளம் சட்டத்தில், சட்டம் காலில், கால் கூரையில். இந்த ஆறில் எந்த இணைப்பு இளகினாலும் பொருள் கை மாறிவிடும்.

பள்ளத்தின் முனைக்கு நாங்கள் செய்த தீர்வு எளிமையானது. முனையிலிருந்து 25 மி.மீ உள்ளே 4.9 மி.மீ துளை போட்டு, 4.8 மி.மீ ஸ்டெயின்லெஸ் ரிவெட் அடித்தோம். ரிவெட்டின் உடல் பள்ளத்தின் குறுக்கே நிற்பதால் போல்ட் தலை அதைத் தாண்டாது. அலுமினிய ரிவெட் வேண்டாம், உளியால் ஒரு தட்டு தட்டினால் போய்விடும். ஸ்டெயின்லெஸ் ரிவெட்டைச் சிறிய கை ரிவெட்டரால் இழுப்பது சிரமம், நீண்ட கைப்பிடியுள்ள ரிவெட்டர் வேண்டும். பின்னால் கழற்ற நினைத்தால் 5 மி.மீ டிரில்லால் தலையை எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளே தட்டிவிடலாம்.

எந்தத் தலை, எந்த நட்டு

நட்சத்திரக் குழியின் நடுவில் குச்சி வைத்த டார்க்ஸ் போல்ட்டைத்தான் கடைகளில் பாதுகாப்பு போல்ட் என்று கொடுப்பார்கள். எம்6க்கு டி30, எம்8க்கு டி40. இந்த பிட்டுகள் எல்லாம் நூறு துண்டுகள் கொண்ட மலிவான பெட்டியிலேயே இருக்கின்றன. ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தற்செயலாகக் கை வைப்பவனை அது நிறுத்தும், திட்டமிட்டு வருபவனை நிறுத்தாது. ரேக்கின் காற்றுத் தடுப்புத் தகடு போன்ற சின்னச் சாமான்களுக்கு மட்டும் அதைப் போட்டோம்.

முக்கிய இடங்களில் இரண்டு வகை. ஒன்று, கூம்பு வடிவில் மூன்று வெட்டுகள் கொண்ட நட்டு. அதற்கான சாக்கெட் இல்லாமல் திருக முடியாது, கூம்பு என்பதால் வைஸ் கிரிப்பும் வழுக்கும். இரண்டு, முறியும் நட்டு: மேலே அறுகோணம், கீழே கூம்பு, குறிப்பிட்ட முறுக்கில் அறுகோணம் உடைந்து கையோடு வந்துவிடும், வழுவழுப்பான கூம்பு மட்டும் நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறியும் நட்டு போதும், மற்றவை மூன்று வெட்டு நட்டாக இருக்கட்டும். எல்லாவற்றையும் முறித்துவிட்டால் ஆனிங் துணி கிழிந்த அன்று நீங்களே கிரைண்டர் எடுக்கவேண்டி வரும்.

முறியும் நட்டில் இரண்டு சிக்கல் உண்டு, இரண்டும் பின்னால்தான் தெரியும். மரை காய்ந்திருந்தால் உராய்விலேயே முறுக்கு ஏறிவிடும். தகடுகள் சரியாக இறுகுமுன்னே தலை முறிந்துவிடும். நட்டு பூட்டியது போலத் தெரியும், பிராக்கெட் ஆடும், இனி இறுக்கவும் வழியில்லை. அடுத்தது பெயின்ட். பவுடர் கோட்டிங் செய்த தகடுகளுக்கு நடுவே அந்தப் பூச்சு அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். இரண்டு மூன்று நாள் ஓடியதும் போல்ட்டின் பிடி குறையும். எனவே முதலில் சாதாரண நட்டைப் போட்டு இறுக்கி, இரண்டு வாரம் ஓட்டி, மறுபடி இறுக்கி, அசைவில்லை என்று உறுதியான பிறகே அதை எடுத்துவிட்டு முறியும் நட்டை ஏற்றவேண்டும். இந்த இரண்டு வாரக் காத்திருப்பைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த வேலையில் மிக அதிகமாகக் கெடுவது இங்கேதான்.

இங்கே மழை ஆண்டுக்கு 2,100 மி.மீக்கு மேல் பெய்கிறது, கடற்காற்றும் உண்டு. ஜிங்க் பூசிய போல்ட் சில மாதத்தில் சிவக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் போதும், கரையோரத்தில் நிற்கும் வண்டிக்கு 316 ரகம். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் ஓட்டினால் மரை சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பாதியில் நின்றுவிட்டால் முன்னும் போகாது, பின்னும் வராது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும். கையால் மெதுவாகத் திருகுங்கள், மரையில் நீல நிற நடுத்தர மரைப்பசை தடவுங்கள். பசை ஈரமாக இருக்கும்போது எண்ணெய் போல வழுக்கிப் பற்றலையும் தடுக்கும், காய்ந்ததும் அதிர்வில் இளகாமலும் வைத்திருக்கும். ஸ்டெயின்லெஸில் அது இறுக முழு 24 மணி நேரம் கொடுங்கள். சிவப்பு நிற வலுவான பசை வேண்டாம். அதை இளக்க 250 டிகிரி அளவு சூடு காட்டவேண்டும், அலுமினிய ரேக்கின் பெயின்ட்டும் பக்கத்து ரப்பரும் அதற்குமுன் போய்விடும். மரை பற்றாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையையும் மரைப்பசையையும் ஒரே மரையில் சேர்க்கக்கூடாது. ஒன்று மற்றதை வேலை செய்ய விடாது.

முறுக்கு அளவு, எம்8 ஸ்டெயின்லெஸுக்கு 16 நியூட்டன் மீட்டர், தலை அலுமினியப் பள்ளத்தில் பதிந்தால் 12. எம்6க்கு 7. ரேக் செய்தவர்கள் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் மழைநீர் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நைலான் வாஷர் ஒன்று நடுவே வையுங்கள்.

கூரைக் கால்களில் இருந்தவை எம்8 ஆலன் போல்ட். தலை குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் வேறு தலை பொருந்தவில்லை. அங்கே அறுகோணக் குழிக்குள் 5.5 மி.மீ எஃகு உருண்டையைப் போட்டு, மேலே எபாக்ஸி நிரப்பினோம். 6 மி.மீ ஆலன் கீ உள்ளே இறங்க இடமில்லை. கழற்றும்போது ஹீட் கன்னால் சூடு காட்டி எபாக்ஸியைக் குடைந்து எடுத்து, காந்தத்தால் உருண்டையைத் தூக்கிவிடலாம். காலுக்கு ஒரு போல்ட் போதும்.

ரிக்கவரி போர்டு

இவை இரண்டு எம்10 ஸ்டட்டில் கைத்திருகு குமிழோடு நிற்கின்றன. வழக்கமான யோசனை, குமிழுக்கு மேலே ஸ்டட்டில் குறுக்குத் துளை போட்டுப் பூட்டு மாட்டுவது. முதலில் அப்படித்தான் செய்தோம், தவறு. 10 மி.மீ ஸ்டட்டில் 6.5 மி.மீ துளை போட்டால் இருபுறமும் மிஞ்சுவது 1.75 மி.மீ. அதில் மரையின் ஆழம் 0.9 மி.மீ போனால் நிஜமான எஃகு ஒரு மி.மீ கூட இல்லை. குழாயைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால் பூட்டோடு ஸ்டட் ஒடிந்துவிடும்.

மாற்றியது இப்படி. 40 x 5 மி.மீ ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்று, இரண்டு போர்டுகளின் குறுக்கே மேலாக வருகிறது. ஒரு முனை ரேக்கில் வெல்டு செய்த காதுக்குக் கீழே நுழைகிறது. மறு முனையில் 9 மி.மீ துளை, அதற்கு நேரே ரேக்கில் இன்னொரு காது, 8 மி.மீ வளையமுள்ள பூட்டு. ஸ்டட்டும் குமிழும் போர்டு ஆடாமல் பிடிக்க மட்டும்தான். ஸ்டெயின்லெஸைத் துளைக்கும்போது கோபால்ட் டிரில், நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள், கட்டிங் ஆயில், விடாத அழுத்தம். நடுவில் அழுத்தத்தைத் தளர்த்தி வெறுமனே சுற்ற விட்டால் அந்த இடம் கெட்டியாகிவிடும், பிறகு எந்த டிரில்லும் இறங்காது.

டூல் பாக்ஸ்

டிரே விளிம்பில் ஜே வடிவக் கொக்கியால் கவ்வி நிற்கும் பெட்டி இது. வெளியிலிருந்தே கொக்கியின் நட்டு தெரிகிறது. கொக்கிகளை எடுத்துவிட்டு, பெட்டியின் அடி வழியாக டிரேயின் தளத்துக்கு நான்கு எம்8 கேரேஜ் போல்ட் போட்டோம். வெளியில் தெரிவது 20 மி.மீ அளவுள்ள மொட்டைத் தலை மட்டும், பிடிக்க விளிம்பே இல்லை. நட்டு பெட்டிக்குள்ளே, அதன் அடியில் 50 x 50 x 3 மி.மீ தகடு, இல்லையென்றால் மெல்லிய அலுமினியம் கிழிந்து வாஷரோடு வந்துவிடும். கேரேஜ் போல்ட்டின் கழுத்து சதுரம். அது உட்கார வட்டத் துளையைச் சதுர அரத்தால் செதுக்கவேண்டும். மெல்லிய தகட்டில் சதுரம் சீக்கிரமே தேய்ந்து வட்டமாகி, நட்டைத் திருகினால் போல்ட்டும் கூடவே சுற்றும். அடியில் இன்னொரு 3 மி.மீ எஃகுத் தகட்டில் சதுரத் துளை போட்டுக் கழுத்தை அதில் உட்கார வைத்தால் சரியாகிவிடும். துளையிட்ட டிரேயில் வெட்டிய விளிம்புக்கு ஜிங்க் பிரைமர் அடிக்க மறக்காதீர்கள்.

பெட்டியின் கீல் வெளிப்புறமாக இருந்தால் அதன் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டு மூடியைப் பின்பக்கமாகத் திறக்கலாம். ஊசியின் இரு முனைகளையும் சுத்தியலால் அகலப்படுத்தி, மூடியின் உள்பக்கம் கீல் ஓரத்தில் இரண்டு எம்6 போல்ட்டுகளை முளை போல நிறுத்தினோம். மூடினால் அவை பெட்டியின் உதட்டுக்கு அடியில் போய்விடும், ஊசி இல்லாமலும் மூடி தூக்காது. பூட்டும் கவனிக்கவேண்டியதுதான். மலிவான பெட்டிகளில் ஒரே சாவி பல பெட்டிகளைத் திறக்கும். அமெரிக்காவில் சிஎச்751 என்ற எண்ணுள்ள ஒரே சாவி எண்ணற்ற கேம்பர், டிரக் கேனப்பிப் பூட்டுகளுக்குப் பொருந்துவது எல்லோருக்கும் தெரிந்த கதை. பூட்டின் முகத்தில் எண் அச்சிட்டிருந்தால் அந்தப் பூட்டையே மாற்றுங்கள்.

ஸ்பேர் டயருக்கு அதிகம் சொல்ல இல்லை. தொங்கும் கம்பி வடத்தை அறுத்தால் டயர் கீழே விழும், ஆகவே 10 மி.மீ கடினமாக்கிய எஃகுச் சங்கிலி, 1 மீட்டர், சக்கரத்தின் துளை வழியாகச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றி. பூட்டு தரைக்கு அருகில் தொங்கக்கூடாது, தரையில் ஊன்றித்தான் போல்ட் கட்டர் பலம் எடுக்கும். சங்கிலிக்கு ரப்பர் குழாய் மாட்டுங்கள். பிரேக் குழாயிலும் புகைக் குழாயிலும் படாமல் பாருங்கள். ரிக்கவரி போர்டுக்கும் இதற்கும் டூல் பாக்ஸுக்கும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகளாக வாங்கினால் மழையில் டயர் மாற்றும்போது சாவிக்கொத்தோடு தடுமாற வேண்டாம்.

வளையக் கம்பி

போல்ட்டால் முடியாததை இது செய்யும். மெல்லிய மின்கம்பி ஒன்று ரேக், ஆனிங், போர்டுப் பட்டை எல்லாவற்றின் உள்ளும் போய்த் திரும்பி வரும். எங்கே அறுத்தாலும் ஹாரன் அடிக்கும். உதிரிபாகம் எல்லாம் சிம் லிம் டவரிலேயே கிடைக்கும்.

எளிதாகத் தோன்றும் வழி, ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வளையத்தின் வழியாக எப்போதும் இழுத்து வைத்து, அறுந்தால் விடுபட வைப்பது. ஆனால் ரிலேச் சுருள் 0.14 ஆம்பியர் குடிக்கும், நாளுக்கு 3.4 ஆம்பியர் மணி. பத்து நாள் வண்டி எடுக்காவிட்டால் 70 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி காலி. அதனால் மின்னழுத்தத்தாலேயே திறந்து மூடும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்.

கம்பியை எந்தப் பக்கம் இணைப்பது என்பதில்தான் கோட்டைவிட வாய்ப்பு. வளையம் கிரவுண்டுக்குப் போவதாக அமைத்தால், கட்டர் அறுக்கும்போது அறுந்த முனை ரேக்கைத் தொட்டுவிடும். ரேக்கும் கிரவுண்டுதான். வளையம் இன்னும் முழுசாக இருப்பதாகச் சுற்று நினைத்துக்கொள்ளும், ஹாரன் அடிக்காது. ஆகவே வளையத்தில் பாசிட்டிவ் ஓடவேண்டும். பி-சேனல் மாஸ்ஃபெட், ஐஆர்எஃப்9540என். அதன் மூன்று கால்கள் சோர்ஸ், கேட், டிரெய்ன். சோர்ஸ் 12 வோல்ட்டில். 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம் வழியாக வளையம் கிளம்பி, சுற்றி வந்து கேட்டில் சேரும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். டிரெய்ன் ரிலேச் சுருளுக்கு, சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர்.

வளையம் முழுசாக இருக்கும்போது கேட் 10.9 வோல்ட்டில் நிற்கும், மாஸ்ஃபெட் மூடியிருக்கும். அறுந்தால் கேட் பூஜ்யத்துக்கு இறங்கி ரிலே இழுக்கும். அறுந்த முனை ரேக்கைத் தொட்டாலும் அதே பூஜ்யம்தான். 1 கிலோஓம் இருப்பதால் ஃபியூஸ் போகாது. காத்திருக்கும்போது 1.1 மில்லிஆம்பியர்தான் ஓடும், பேட்டரி அதை உணரவே உணராது.

இந்த அமைப்பின் பலவீனம் மழை. ஏதாவது ஓர் இணைப்பில் ஈரம் புகுந்து 10 கிலோஓம் அளவுக்குக் கசிந்தாலே கேட் 10 வோல்ட்டுக்கு இறங்கி, மாஸ்ஃபெட் பாதி விழித்து, காரணமில்லாமல் ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். டேப் போதாது. ரிலேயின் பின்னால் 60 வினாடி டைமர் ஒன்று அவசியம். இரவு முழுக்க அடிக்கும் ஹாரனை அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது. ஹாரனுக்குத் தனி 10 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்கு அருகிலேயே. வண்டியின் சொந்த ஹாரனைப் பயன்படுத்தாதீர்கள், அதன் கம்பி முன் கிரில்லுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

அடையாளம், நிறுத்தும் இடம், சாவி

முன்பெல்லாம் களவுபோன சாமானைத் தேடி சுங்கை ரோடு திருட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்ப்பார்கள். அது 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது விற்பனை கைப்பேசியில் நடக்கிறது, வாங்குபவர் படத்தை உற்றுப் பார்க்கிறார். ஆகவே சேசிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தை ஒவ்வொரு பொருளிலும் இரண்டு இடத்தில் பொறித்தோம்: ஒன்று படத்தில் தெரியும் இடத்தில், ஒன்று கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில். பொறித்த எண்ணையும் ரசீதையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள், காவல்துறைப் புகாருக்கும் காப்புறுதிக்கும் அதுவே ஆதாரம். காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்காத துணைப்பொருளுக்கு இழப்பீடு உண்டா என்பதை இப்போதே பாலிசியில் பார்த்துவிடுங்கள். இங்கே வாகனத்தின் பாகத்தைத் திருடுவது சாதாரணத் திருட்டாக எண்ணப்படுவதில்லை. தண்டனைச் சட்டத்தொகுப்பின் 379ஏ பிரிவின்கீழ் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு, துணைப்பொருளும் டயரும் அதில் அடங்கும்.

நிறுத்தும்போது ஆனிங் இருக்கும் பக்கத்தைத் தூணுக்கோ சுவருக்கோ ஒட்டி நிறுத்துங்கள், பின்பக்கத்தைச் சுவரை நோக்கி விடுங்கள். மின்தூக்கிக்கு அருகில் ஆள் நடமாட்டமும் காவல்துறைக் கேமராவும் இருக்கும். மேல்தளத்து மூலை காலியாக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள்.

மூன்று வெட்டு நட்டின் சாக்கெட் வண்டிக்குள் இருக்கக்கூடாது, குளவ் பாக்ஸில் கட்டாயம் கூடாது. கண்ணாடியை உடைத்தவுடன் முதலில் கை போவது அங்கேதான். பயணம் போகும்போது மட்டும் எடுத்துப் போங்கள், இரண்டாவது சாக்கெட் வீட்டில்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது: அதிர்வில் நகர்ந்திருக்கலாம், யாராவது முயன்றும் பார்த்திருக்கலாம். மண்பாதைப் பயணம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் கோடுகளைப் பாருங்கள். பூட்டுகளைத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, எண்ணெய்க்குப் பதில் உலர்ந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே அடியுங்கள், எண்ணெய் ஜோகூர்ச் செம்மண்ணை இழுத்துப் பூட்டுக்குள் சேறாக்கிவிடும். மாதம் ஒருமுறை பகல் நேரத்தில் வளையத்தின் இணைப்பானைப் பிரித்து, ஹாரன் அடித்து 60 வினாடியில் நிற்கிறதா என்று பாருங்கள்.